மாவு பொங்கும் கை

எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு: ஆண்பிள்ளை கை பட்டால் இட்லி மாவு பொங்காது. முதலில் யார் சொன்னார்களோ, ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவரிடமிருந்து அது அம்மாவுக்கு வந்தது. போன வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாயிலிருந்தும் வந்தது.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அரிசியும் உளுந்தும் ஊறி, கிரைண்டருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தன. மகளுக்கு மறுநாள் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு. மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கலந்தாய்வுக்காகக் காத்திருந்தான். கையில் போன் தவிர வேறு வேலை இல்லை. நான் படுக்கையிலிருந்து மகளைத்தான் கூப்பிட்டேன்.

"நாளைக்கு எனக்கு எக்ஸாம்மா. அவன் சும்மாதானே இருக்கான்?"

"அவன் கை பட்டா மாவு பொங்காது கண்ணு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானேம்மா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போய் மாவை ஆட்டினாள். படித்தது போதாமல்தான் மறுநாள் தேர்வுக்குப் போனாள்.

ஆமாம், நான் வேதியியல் ஆசிரியை. 22 வருடங்களாக மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நொதித்தலைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த அறிவு சமையலறை வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றுவிட்டிருக்கிறது.

பள்ளி திறந்ததும் இதை ஆசிரியர் அறையில் வேடிக்கையாகச் சொன்னேன். என்னையே கிண்டல் செய்துகொள்ளத்தான் சொன்னேன். சக ஆசிரியர் ஒருவர் சிரிக்கவில்லை. "இதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க மேடம். ஆண் வேட்டைக்குப் போனான், பெண் அடுப்பப் பாத்துக்கிட்டா. பரிணாமம் போட்ட கணக்கு அது. நாம மாத்த முடியுங்களா?" என்றார். சுற்றியிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. மூடநம்பிக்கையோடு சண்டை போடலாம். அதே நம்பிக்கை அறிவியல் உடுப்பு போட்டுக்கொண்டு வந்தால் கொஞ்சம் தடுமாற்றம் வருகிறது. பரிணாமம் உண்மையில் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அந்தப் பருவம் முழுக்க மாலை நேரங்களில் படித்தேன். படித்ததை எனக்குத் தெரிந்த பொருட்களில் பொருத்திப் பார்த்தேன். என்னிடம் இருந்தவை ஒரு கல், ஒரு உலோகம், ஒரு பாத்திரம் மாவு.

முதலில் கல்.

நான் பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக் கொல்லையில் ஆட்டாங்கல் கிடக்கும். குழியில் அரிசியைப் போட்டு, ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டு, மறு கையால் மாவைத் தள்ளிவிட வேண்டும். கல் அசையாது, குழவிதான் சுற்றும். சுற்றுவது அம்மாவின் தோள்.

1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து மில்களும், கிணற்றுக்கு மோட்டார் பம்புகளும் பெருகின. மோட்டார் செய்யத் தெரிந்த கைகள் அந்த ஊரில் நிறைந்திருந்தன. 1950களில் அங்கே மின்சாரக் கிரைண்டர் பிறந்தது. அதைச் செய்தவர்கள் புதிதாக ஒரு பொருளைக் கற்பனை செய்யவில்லை. இருந்த கல்லை எடுத்து, இருந்த மோட்டாரோடு சேர்த்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் தலைகீழானது: குழவி ஓரிடத்தில் நின்றது, குழி சுற்ற ஆரம்பித்தது. பிறகு சாய்த்து மாவு எடுக்கிற கிரைண்டர் வந்தது. அதற்குப் பிறகு மேடைமேல் வைக்கிற சின்னக் கிரைண்டர். எஃகுப் பாத்திரம், பிளாஸ்டிக் மூடி, எல்லாம் மாறியும் உள்ளே இன்றைக்கும் கல்தான் உருளுகிறது.

உயிர்களின் உலகமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று பிரெஞ்சு உயிரியலாளர் ஃபிரான்ஸுவா ஜாகோப் 1977இல் எழுதினார். பரிணாமம் வரைபடம் போட்டு வேலை செய்கிற பொறியாளர் அல்ல. கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போடுகிற ஆள் என்பது அவர் வாதம். ஒட்டகச்சிவிங்கியின் குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு இதற்கு நல்ல சாட்சி. மூளையிலிருந்து புறப்பட்டுச் சில அங்குலத்தில் முடிய வேண்டிய பயணம் அது. அந்த நரம்போ நீண்ட கழுத்து முழுக்க இறங்கி, இதயத்துக்கு அருகில் ஒரு ரத்தக்குழாயைச் சுற்றி, மறுபடி மேலே ஏறுகிறது. மீன் போன்ற மூதாதையின் உடலில் அது நேர்வழிதான். கழுத்து நீண்டது, வழி மாறவில்லை. நமக்கும் அந்த நரம்பு நெஞ்சுக்குள் இறங்கித்தான் ஏறுகிறது.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு ஏற்பாடு இத்தனை காலம் நீடித்திருக்கிறது என்பதாலேயே அது சிறந்த ஏற்பாடு ஆகிவிடாது. மாற்ற யாரும் இல்லாததால் தங்கிவிட்டதாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாட்களில் களி, கம்மஞ்சோறு, பழையது. கிரைண்டர் வந்த பிறகு வாரத்தில் நான்கைந்து நாள் இட்லியோ தோசையோ ஆனது. அவற்றுக்குச் சட்னி, சாம்பார் வேறு. "அதான் மிசின் இருக்குதுல்ல" என்பார் அப்பா. அம்மாவின் தோள் வலி குறைந்தது. அம்மா உட்காரும் நேரம் கூடவில்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இதையே வேறொரு மண்ணில் கண்டேன். அங்கே இரும்பு அடுப்பு வந்தபோது விறகு பிளக்கும் வேலை குறைந்தது. அது ஆண்களின் வேலை. ஆலையில் அரைத்த மாவு கடைக்கு வந்தபோது தானியத்தை மில்லுக்குச் சுமக்கும் வேலை போனது. அதுவும் ஆண்களும் பையன்களும் செய்தது. அடுப்பில் ஒரே பானையில் கொதித்த உணவு பலவிதப் பதார்த்தமானது. அது பெண்ணின் வேலை. கருவிகள் வளர வளர அம்மாவின் வேலைப் பட்டியலும் வளர்ந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது லட்சக்கணக்கான தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது என்பதை மறுக்க மாட்டேன். சுவிட்சைப் போடுவது யார் என்ற கேள்வி மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை எந்த இயந்திரமும் தானாக மாற்றாது.

அடுத்தது உலோகம். இரும்பு.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அம்மா ஆட்டாங்கல் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். மருத்துவர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் இல்லை என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பொம்பளைகளுக்கு இது சகஜம்" என்றும் சொன்னார். அந்தச் சொல் எனக்குள் பல வருடம் கிடந்தது.

வேதியியலுக்கும் ஒரு பரிணாமக் கதை உண்டு. தனிமங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, மரபணு கிடையாது. அங்கே நிலையானது நீடிக்கும், நிலையற்றது சிதையும், அதுதான் தேர்வு. விண்மீன்களுக்குள் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகிறது. பெரிய விண்மீன்களில் ஹீலியத்திலிருந்து கார்பன், ஆக்ஸிஜன் என்று படிப்படியாக ஏறி இரும்பு வரைக்கும் வருகிறது. இரும்பை மேற்கொண்டு இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. அடுப்பு அணைகிறது. விண்மீனின் மையம் தன் எடையில் தானே நொறுங்கி, வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. அம்மாவின் ரத்தத்தில் குறைந்துபோன இரும்பு அப்படி எங்கோ வெந்து வந்ததுதான்.

இந்தக் கதையை முழுமையாக எழுதிய 1957ஆம் வருடக் கட்டுரையில் முதல் பெயர் மார்கரெட் பர்பிட்ஜ். அவர் காலத்தில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பெண்களுக்குத் தொலைநோக்கி நேரம் ஒதுக்க மாட்டார்கள். கோட்பாட்டாளரான கணவரின் பெயரில் நேரம் வாங்கி, அவருடைய உதவியாளர் என்ற பேரில் உள்ளே போய், மார்கரெட் வானத்தைப் பார்த்தார். கட்டுரையை எழுதிய நால்வரில் வில்லியம் ஃபவுலருக்கு மட்டும் 1983இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விண்மீன் எப்படி இரும்பைச் சமைக்கிறது என்று சொன்னவரும் உதவியாளராகத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

சரி, இரும்புக் குறைவு பெண்ணுக்கு இயற்கையா? மாதவிடாயும் பிரசவமும் இரும்பைக் கொண்டுபோகின்றன. அது உடலின் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். நான்கில் ஒரு ஆணுக்கும் இருக்கிறது என்றால் இது வறுமையின் கதையும்தான். எங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் நான் சொல்ல முடியும். கறிக்குழம்பு வைத்த நாளில் ஈரல் அப்பாவுக்கும் தம்பிக்கும் போகும். கடைசியாகச் சாப்பிடும் அம்மா சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிடுவார். இழந்த இரும்பைத் திரும்பக் கொடுக்காமல் விட்டது உடல் அல்ல, பரிமாறிய வரிசை.

இன்னொன்றும் படித்தேன். நம் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க இரும்பைப் பயன்படுத்துகிறது. நண்டும் ஆக்டோபஸும் அதே வேலைக்குச் செம்பைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் ரத்தம் நீலம். ஒரே தேவைக்கு இரண்டு விடைகள், இரண்டுமே கோடிக்கணக்கான வருடங்களாக உயிரைக் காப்பாற்றுகின்றன. இதற்கு ஒரே வழிதான் என்று இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் நண்டைக் கொஞ்சம் பார்க்கலாம்.

வேட்டைக் கதையையும் பார்த்தேன். பெருவின் ஆண்டிஸ் மலையில் சுமார் 9,000 வருடத்துக்கு முந்தைய ஒரு புதைகுழியில், வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டிருந்தது ஓர் இளம்பெண் என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். டார்வினும் இந்த விஷயத்தில் தன் காலத்து மனிதர்தான். 1871இல் வந்த நூலில் ஆணின் அறிவுத்திறன் மேலானது என்று எழுதினார். நான்கே வருடத்தில், 1875இல், ஆன்டோனெட் பிரவுன் பிளாக்வெல் என்ற அமெரிக்கப் பெண் அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஆண் செய்வதை மட்டும் அளந்து, பெண் செய்வதை அளக்காமல் விட்டால் கணக்கு எப்படிச் சரியாக வரும் என்பதே அவர் கேள்வியின் சாரம். ஆசிரியர் அறையில் எனக்கு வராத பதில் 150 வருடத்துக்கு முன்பே அச்சில் இருந்திருக்கிறது.

மூன்றாவது, மாவு.

மாவைப் பொங்கவைப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றில் முக்கியமானது லூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது மாவின் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடையும் அமிலத்தையும் வெளிவிடுகிறது. உளுந்தின் புரதமும் பிசுபிசுப்பும் அந்த வாயுவை விடாமல் பிடித்து வைக்க, மாவு மேலே வருகிறது. அமிலம் ஏற ஏற, அதைத் தாங்க முடியாத கிருமிகள் ஒதுங்குகின்றன, தாங்கக்கூடியவை பெருகுகின்றன. ஒரே இரவில், ஒரே பாத்திரத்துக்குள், ஒரு கூட்டம் வந்து இன்னொரு கூட்டத்துக்கு இடம் அமைத்துக் கொடுக்கிறது. இந்த உயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. கையிலிருந்தும் சில போகலாம். அவை ஆணின் கையா பெண்ணின் கையா என்று பார்ப்பதில்லை.

சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேசினால் லின் மார்குலிஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள் போய் அங்கேயே குடியிருந்துவிட்டது என்று அவர் வாதிட்டார். இதே எண்ணத்தைச் சிலர் முன்பே சொல்லியிருந்தார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. அவருடைய கட்டுரை சுமார் பதினைந்து இதழ்களால் நிராகரிக்கப்பட்ட பிறகே 1967இல் வெளியானது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ பாக்டீரியாவின் டிஎன்ஏவை ஒத்திருப்பது தெரியவந்ததும், அது பாடநூலுக்குள் வந்தது. போட்டியைப் போலவே கூட்டும் புதியதைப் பிறப்பிக்கும் என்று அந்தப் பாடம் சொல்கிறது. ஆட்டாங்கல்லும் பம்பு மோட்டாரும் சேர்ந்து கிரைண்டர் ஆனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மைட்டோகாண்ட்ரியா நமக்கு அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. அம்மாவுடையது எனக்கு, என்னுடையது என் மகளுக்கு. மகனுக்கும் கொடுத்திருக்கிறேன், ஆனால் அவன் பிள்ளைகளுக்கு அது போகாது, அவனோடு நின்றுவிடும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இட்லி மாவையும் நாங்கள் இப்படித்தான் கைமாற்றி வந்திருக்கிறோம், பெண்ணுக்குப் பெண். மாவோடு சேர்த்து, ஆண்பிள்ளை தொடக் கூடாது என்ற சொல்லையும். மைட்டோகாண்ட்ரியா விஷயத்தில் எனக்குத் தேர்வு இல்லை. மற்றதில் இருந்தது.

பழக்கம் ரத்தத்தில் இறங்குவதில்லை. பாக்டீரியாக்கள்கூட மரபணுத் துண்டுகளைப் பக்கத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாவுக்குக் கொடுக்கின்றன. சில நேரம் வேறு இனத்துக்கே கொடுக்கின்றன. கருவிகளும் அப்படித்தான், பக்கத்துப் பட்டறையிலிருந்து கடன் வாங்கி வளர்கின்றன. கைத்தொழிலும் சமையலும் பக்கவாட்டில் போகக் கூடியவை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதித்தால் போதும்.

இந்த மே மாதம் மகன் விடுமுறைக்கு வந்தபோது சோதனை செய்தோம். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கிரைண்டர். ஆட்டியது அவன். மாவை அளந்து மூன்றாகப் பிரித்தோம். ஒன்றில் நான் உப்புப் போட்டுக் கையால் கரைத்தேன். ஒன்றில் அவன் கரைத்தான். ஒன்றைக் கரண்டியால் கலக்கினோம். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும் என்றான், நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். உயரத்துக்கு மகள் சாக்பீஸால் கோடு போட்டாள். 78 வயது அம்மா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, ஆம்பளை கை பட்டா பொங்காதுன்னு நீங்க நெசமாவே நம்புனீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தோட்டம் உங்கப்பன் பேர்ல. மாடு கண்ணு உங்க ஆத்தா சொன்னபடி. இந்தக் கை ஒண்ணுதான் அம்மிணி என்னுதுன்னு இருந்துச்சு. மாவு நல்லாப் பொங்குனா, எங் கைக்குன்னு ஒரு பேரு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்களைக் கட்டிப்போட்ட கயிறு என்று நான் நினைத்திருந்தது, அவருக்கு ஊன்றிக்கொள்ள இருந்த ஒரே கோல். நான் அறிவியல் பேசி அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் என்னால் எதுவும் பேச முடியவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. அம்மாவுக்குத் தெரியும்: வெயில் காலத்தில் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், வெந்தயம் எவ்வளவு, தண்ணீரை எப்போது தெளிக்க வேண்டும். ஆட்டிய உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்ததும் அவர்தான். இது அறுபது வருடம் கூர்ந்து பார்த்துச் சேர்த்த அறிவு. அதைக் கைராசி என்றும் பெண்ணின் இயற்கை என்றும் சொன்னால் அவர் படித்த படிப்பு மறைந்துபோகிறது. படிப்பு என்று சொன்னால் அவர் பெயர் நிற்கும், அதை யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் முடியும்.

காலையில் மூன்று மாவும் ஒரே அளவு பொங்கியிருந்தன. என்னுடையதும் கரண்டிக் கலவையும் பாத்திரத்துக்குள் இருந்தன. மகனுடையது வழிந்து மேடையெல்லாம் ஓடியிருந்தது. அவன் கை மேல் என்று மகள் கிண்டல் செய்தாள். அம்மா மெதுவாக எழுந்து வந்து, பார்த்து, சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"மாவு சரியாத்தான் இருக்குது. பாத்திரந்தான் சின்னது. அது தெரியோணும்னா இன்னும் நாலு தடவ ஆட்டோணும்" என்றார். பிறகு பேரனைப் பார்த்து, "மொதல்ல அந்தத் துணிய எடுத்து மேடையத் தொட சாமி" என்றார்.

அவன் துடைத்தான். அடுத்த வாரமும் அவன்தான் ஆட்டினான். உளுந்தை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, அது மிதக்கிறதா என்று அம்மாயியிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.